மறைக்கப்பட்ட மின்சாரம் எது? யாழ்ப்பாணக் குடாநாட்டின் சக்தி வரலாறும் ‘இழந்த தொழினுட்பம்’ பற்றிய கூற்றுகளும்

பண்டைய மக்கள் மின்சாரத்தை ஆக்கவும் ஆளவும் அறிந்திருந்தனர் என்றும், அவ்வறிவு காலத்தால் அழிந்தது அல்லது வேண்டுமென்றே அழிக்கப்பட்டது என்றும் ஒரு கூற்று உண்டு. எரிபொருள் எதுவுமின்றி முடிவில்லாமல் மின்னை வழங்கவல்ல கருவிகள் இன்றும் இருக்கின்றன என்றும், எண்ணெய் வணிகரும் அரசுகளும் அவற்றை மக்கள் கண்ணில் படாமல் வைத்திருக்கின்றனர் என்றும் மற்றொரு கூற்று உண்டு. இவ்விரண்டும் தம்முள் வேறுபட்டவை; முதலாவது வரலாற்றாராய்ச்சிக்கு உரியது, இரண்டாவது பௌதிகவியலுக்கு உரியது. எனினும் நடைமுறையில் இவை ஒன்றையொன்று தாங்கி நிற்பதால், முன்னோர் பெற்றிருந்ததையே இன்றைய வலியோர் ஒளித்து வைத்துள்ளனர் என்ற ஒரே கதையாக அவை மக்களிடம் சேர்கின்றன.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இக்கதையை வெறும் மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட இயலாது. இங்கே 1981 ஆம் ஆண்டு மே மாத இறுதியிலும் யூன் தொடக்கத்திலும் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் அவற்றோடு பழைய ஏட்டுச் சுவடிகளும் உண்மையாகவே சாம்பலாயின. 1990 ஆம் ஆண்டில் போர் மீண்டும் மூண்டபோது, லக்ஸபானா மின்சாரம் என்று ஊர்மக்கள் அழைத்த தேசிய மின்வழங்கலும் உண்மையாகவே நின்றுபோயிற்று. சுவடி எரிந்ததையும் மின் துண்டிக்கப்பட்டதையும் தம் வாழ்நாளிலேயே கண்ட ஒரு சமூகத்திடம், ‘அறிவை அழித்தார்கள், மின்சாரத்தை மறைத்தார்கள்’ என்று ஒருவர் சொன்னால், அச்சொல் பழகிய சொல்லாகவே காதில் விழும். ஆகவே இக்கூற்றுகளை ஆராய்பவர் அவற்றின் பொய்மையைக் காட்டுவதோடு நின்றுவிடலாகாது. குடாநாட்டில் மெய்யாக இழக்கப்பட்டது எது, மெய்யாகத் தடுக்கப்பட்டது எது என்பதையும் சொல்லக் கடமைப்பட்டவராவர்.

தமிழர் நடுவில் பெரிதும் வழங்கும் எடுத்துக்காட்டு, அகத்தியர் பெயரில் உள்ளதாகச் சொல்லப்படும் ‘அகஸ்திய சங்கிதை’ என்னும் வடமொழி நூலின் மின்கலமாகும். மின்கலம் என்பது இரசாயன மாற்றத்திலிருந்து மின்னோட்டத்தைப் பெறும் கருவி. மட்பாண்டத்தில் செப்புத் தகட்டை வைத்து, மயில்துத்தமும் ஈரமான மரத்தூளும் இட்டு, இரசம் பூசிய நாகத்தை மேலே அமைத்தால் ஓர் ஆற்றல் பிறக்கும் என்று அந்நூல் கூறுவதாக எடுத்துக்காட்டுவர். குடமுனி என்னும் அகத்தியருடைய பெயரே இம்மட்பாண்டக் கலத்தைக் குறிக்கிறது என்று பொருள் கொள்வோரும் உளர். அவ்விவரிப்பின்படி பொருள்களைச் சேர்த்துப் பார்த்தபோது 1 வோல்ற்றுக்குச் சற்று மேற்பட்ட மின்னழுத்தம் கிடைத்தது என்பதே இக்கூற்றின் முதன்மையான சான்று.

அவ்வளவு மின்னழுத்தம் கிடைத்ததில் வியப்பில்லை. செம்பும் நாகமும் செப்புச் சல்பேற்றுக் கரைசலும், அதாவது மயில்துத்தக் கரைசலும், உரிய முறையில் சேர்ந்தால் ஏறத்தாழ 1.1 வோல்ற்று கிடைக்கும்; யார் செய்தாலும், எந்நூலைப் பார்த்துச் செய்தாலும் கிடைக்கும். பரிசோதனை இங்கே இரசாயனத்தை உறுதிப்படுத்துகிறதே ஒழிய, விவரிப்பின் வயதை உறுதிப்படுத்தவில்லை. வயதை அறிய வேண்டுமானால் ஏட்டையும் எழுத்தையும் மொழிநடையையும் பார்க்க வேண்டும். பழைய உரையாசிரியர் எவரேனும் அப்பகுதியை மேற்கோளாகக் காட்டினரா என்று தேட வேண்டும். அத்தகைய ஏடு ஒன்றும் அறிஞர் கூடி ஆராய்ந்து காலம் கணித்ததாக முன்வைக்கப்படவில்லை. மேலும், மின்கலம் வோல்ற்றா என்னும் இத்தாலியரால் 1800 இல் அமைக்கப்பட்ட பின், நாகம் வீணே அரிபடாதிருக்க அதன்மேல் இரசம் பூசும் வழக்கம் 1830 அளவிலும், செப்புச் சல்பேற்றைப் பயன்படுத்தும் தானியேல் கலம் 1836 இலும் வந்தன. பல குறைகளைக் கண்டு ஒவ்வொன்றாகத் திருத்தியதால் பிறந்த இவ்விரு நுட்பங்களும், அவற்றுக்கு முற்பட்ட தவறுகளின் சுவடே இல்லாமல், நாலடிச் செய்யுளில் ஒருங்கே வந்து அமைவது, அச்செய்யுள் அக்காலத்துக்குப் பின்னர் இயற்றப்பட்டது என்பதையே காட்டுகிறது.

இதற்கு ஒத்த ஒரு நூல் முறையாக ஆராயப்பட்டுள்ளது. பரத்வாச முனிவரின் விமான நூல் என்று வழங்கும் ‘வைமானிக சாஸ்திர’த்தைப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த முகுந்தா முதலிய ஐவர் 1974 இல் ஆய்ந்து, அது 1904 ஆம் ஆண்டுக்கு முற்பட்டதாக இருக்க முடியாது என்றும், அதில் விவரிக்கப்பட்ட ஊர்திகள் பறக்கத்தக்கவை அல்ல என்றும் முடிவு கூறினர். நூலின் வரலாறு, அதன் மொழி, அதன் பொறியியல் ஆகிய மூன்றையும் தனித்தனியே சோதித்த அவ்வாய்வு, பழமை பற்றிய கூற்றுகளை எவ்வாறு அணுக வேண்டும் என்பதற்கு இன்றும் நல்ல முன்மாதிரி. பக்தாத் அருகே 1936 இல் கிடைத்ததும் பண்டைய மின்கலம் என்று சொல்லப்படுவதுமாகிய மட்சாடிக்கும் இதே நிலைதான்: செப்புக் குழலும் இரும்புக் கோலும் அதனுள் இருந்தன, கம்பியோ மின்னைப் பயன்படுத்திய கருவியோ இருந்ததற்குத் தடயம் இல்லை.

எரிந்த நூலகத்தின் ஏடுகளுள் இவையெல்லாம் இருந்திருக்கலாமே என்ற கேள்வி எழலாம். இழப்பின் துயரம் அக்கேள்வியில் உண்டு. ஆதலால் அதற்குப் பொறுமையோடு விடையளிக்க வேண்டும். அந்நூலகத்தில் அழிந்தது நம்முன்னோர் கையால் எழுதப்பட்ட, பெயரும் பொருளும் உடைய மெய்யான செல்வம். அந்த வெறுமையில் இருந்திராத மின்பொறிகளைக் குடியமர்த்துவது, இருந்தவற்றின் நினைவை மங்கச் செய்வதாகும். எரித்தவர்மீது சாட்டத்தக்க குற்றம் மெய்யான ஏடுகளை எரித்ததே. அக்குற்றம் போதியது, கற்பனையால் அதைப் பெருக்க வேண்டிய தேவை இல்லை.

மரபின் கூற்றை ஊரறியச் சோதித்துப் பார்க்கும் வழக்கம் யாழ்ப்பாணத்துக்குப் புதிதன்று. 1829 மார்ச்சில் வந்த சந்திரகிரகணத்தைப் பற்றி அராலி விசுவநாத சாஸ்திரியார் தம் பஞ்சாங்கத்தில் கணித்திருந்ததும், வட்டுக்கோட்டைக் குருமடத்தின் அதிபராயிருந்த டானியேல் புவர் ஐரோப்பிய முறையில் கணித்ததும் தம்முள் வேறுபட்டன. வானத்தைப் பார்த்து இரண்டையும் ஒப்பிட்டனர், ஐரோப்பியக் கணிப்பே பொருந்தியது. சமயம் பரப்பும் நோக்கம் புவருக்கு இருந்ததை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்நிகழ்ச்சியில் பெரிதும் மதிக்கத்தக்கது சாஸ்திரியாரின் கணிப்பே. எந்நாளில், எப்பொழுதில், எவ்வளவு மறையும் என்று முன்கூட்டியே எழுதி வைத்தமையால் அது சோதனைக்கு உட்பட்டது. அது பிழைபட்டபோதும் அப்பிழை அளந்து காணத்தக்கதாக இருந்தது. பிழைபட இடந்தரும் அளவுக்குத் துல்லியமாகப் பேசுவதே அறிவு மரபின் அடையாளம். அகத்தியர் கலத்துக்கும் எரிபொருளற்ற மின்சாரத்துக்கும் வாதாடுவோர் இத்தகைய தேதியையும் அளவையும் முன்வைப்பதில்லை. அவர்கள் அந்த மரபின் வாரிசுகள் அல்லர், சாஸ்திரியாரே அதன் வாரிசு.

இரண்டாவது கூற்றாகிய இலவச மின்சாரத்துக்கு வருவோம். சக்தி என்பது வேலை செய்யும் ஆற்றல். வலு என்பது ஒரு செக்கனில் செய்யப்படும் வேலையின் அளவு. சக்தியை ஒரு வடிவிலிருந்து இன்னொரு வடிவுக்கு மாற்றலாம், புதிதாகப் படைக்கவோ இல்லாதொழிக்கவோ இயலாது என்பது சக்திக் காப்பு விதி. ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு பகுதி வெப்பமாகச் சிதறுவதால், தன் வெளியீட்டைத் தானே உள்ளே எடுத்து முடிவின்றி ஓடும் பொறி அமையாது. இவ்விதிகள் முழுதாக வகுக்கப்படுவதற்கு முன்பே, 1775 இல் பாரிசின் அறிவியற் கழகம், நிரந்தர இயக்கப் பொறி பற்றிய விண்ணப்பங்களை இனிப் பரிசீலிப்பதில்லை என்று தீர்மானித்துவிட்டது. எத்தனையோ பேர் அத்தகைய பொறியைத் தேடிச் செல்வத்தையும் வாழ்நாளையும் இழந்ததைக் கண்டதன் விளைவு அது.

குடாநாட்டின் விவசாயி இவ்விதியை ஏட்டில் படிக்காமல் உடம்பால் அறிந்திருந்தான். வற்றாத ஆறு இல்லாத, சுண்ணாம்புக்கல்லினுள் தேங்கும் நீரையே நம்பிய இம்மண்ணில், தோட்டத்துக்கு நீர் இறைத்தது துலா. ஆடுகாலில் பொருத்திய நெடிய மரத்தின்மீது ஒருவரோ இருவரோ முன்னும் பின்னும் நடந்து துலா மிதிக்க, கிணற்று வாயில் ஒருவர் பட்டை பிடித்து நீரைச் சாய்க்க, வாய்க்காலில் ஒருவர் நின்று பாத்திக்குப் பாத்தி நீரைத் திருப்பிவிடுவார். 6 மீற்றர் ஆழத்திலிருந்து 10,000 லீற்றர் நீரை மேலே கொண்டுவரத் தேவையான வேலை 588,000 யூல். மின்பட்டியலில் ஓர் அலகு என்று குறிக்கப்படுவது ஒரு கிலோவாற்று மணி, அதாவது 3,600,000 யூல். ஆக, கால் கடுக்க மிதித்து இறைத்த அவ்வளவு நீரும் மின்கணக்கில் ஓர் அலகின் ஆறில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவு. உடல்நலமுள்ள ஒருவர் நாள் முழுதும் இடைவிடாது தரக்கூடிய வலு ஏறத்தாழ 75 வாற்று. எட்டு மணிநேரத்துக்கு அது 0.6 அலகு. மண்ணெண்ணெய் ஒரு லீற்றரில் அடங்கிய வெப்பமோ ஏறத்தாழ 10 அலகு. இயந்திரத்தில் அதன் நான்கில் ஒரு பங்கே பயன்பட்டாலும் நான்கு பேரின் ஒருநாள் உழைப்புக்கு அது ஈடாகும். நீரிறைக்கும் இயந்திரம் வந்தவுடன் துலா ஏன் மறைந்தது என்பதற்கு இக்கணக்கே விளக்கம். யாரும் துலாவைத் தடைசெய்யவில்லை.

இக்கணக்கை அறியாதவரை ஏமாற்றுவது எளிது. தமிழ்நாட்டில் இராசபாளையம் பகுதியைச் சேர்ந்த இராமர் பிள்ளை 1996 இல் மூலிகையிலிருந்து பெற்றோல் எடுப்பதாகச் சொன்னபோது அரசியல் தலைவர்களும் அறிவியற் கூடங்களும் கூடக் கவனம் செலுத்தின. எண்ணெய் நிறுவனங்கள் அவரை நசுக்கப் பார்க்கின்றன என்ற பேச்சு தமிழுலகெங்கும் பரவியது. விற்கப்பட்டது பெற்றோலிய இரசாயனங்களின் கலவை என்று கண்டறியப்பட்டு, 2016 இல் சென்னையிலுள்ள சிபிஐ நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. இலங்கையிலும் 2008 இல் 3 லீற்றர் தண்ணீரில் 300 கிலோமீற்றர் ஓடும் காரைச் செய்ததாக ஒருவர் அறிவிக்க, அன்றைய பிரதமரே ஆதரவளிப்பதாகச் சொன்னார். சில மாதங்களில் முதலீட்டு மோசடிச் சந்தேகத்தில் அவர் கைதானார். நீர் என்பது ஐதரசன் ஏற்கெனவே எரிந்து முடிந்ததன் விளைபொருள். அடுப்புச் சாம்பலை மீண்டும் எரிக்க முடியாதது போலவே அதையும் எரிக்க முடியாது. அதைப் பிரிக்கச் செலவிடும் சக்தி, பிரிந்தவை மீண்டும் சேரும்போது கிடைப்பதைவிட எப்போதும் அதிகமாகவே இருக்கும்.

மின்னியல் கண்டுபிடிப்பாளர் நிக்கொலா தெஸ்லாவின் பெயரும் இங்கே அடிக்கடி இழுக்கப்படுகிறது. நியூயோர்க் அருகே 1901 இல் அவர் எழுப்பத் தொடங்கி 1917 இல் தகர்க்கப்பட்ட கோபுரம், மின்சாரத்தைக் கம்பியின்றி அனுப்புவதற்கானது, ஆக்குவதற்கானது அன்று. அனுப்பப்படும் மின்சாரம் எங்கோ நிலக்கரியாலோ அருவியாலோ ஆக்கப்பட்டிருக்க வேண்டும். 1943 இல் அவர் இறந்தபின் அமெரிக்க அரசு கைப்பற்றிய ஆவணங்கள் பின்னர் பெல்கிரேட் அருங்காட்சியகத்துக்குச் சென்று சேர்ந்தன; ஆய்வாளர் இன்று அவற்றைப் படிக்கலாம்.

அப்படியானால் மின்சாரம் ஒருபோதும் மக்களுக்கு மறுக்கப்பட்டதில்லையா? மறுக்கப்பட்டது. அதன் வரலாறு எழுத்தில் இருக்கிறது, இரகசியம் எதுவும் இல்லை. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918 இல் இலங்கைப் பொறியியற் சங்கத்தின் முன் படித்த ஆய்வுரையில், மலைநாட்டு அருவிகளிலிருந்து மின்வலு பெறும் திட்டத்தைக் கணக்கோடு விளக்கினார். குடியேற்ற ஆட்சியின் அலட்சியத்தாலும் பணமின்மைச் சாட்டுகளாலும் தொடங்குவதும் நிறுத்துவதுமாக இழுபட்ட அத்திட்டம், 1950 இல்தான் லக்ஸபானாவில் மின்பிறப்பித்தது. முப்பத்திரண்டு ஆண்டுகள் தடுக்கப்பட்ட இம்மின்சாரத்தைக் கொண்டுவரப் போராடியவர் அரசாங்க சபைக்குப் போட்டியிட்டு உறுப்பினராகிப் பேசினார். மந்திரச் சுவடி எதையும் தேடவில்லை.

1990 இல் அதே லக்ஸபானா மின்சாரம் குடாநாட்டுக்கு இல்லாமற் போயிற்று. பெற்றோல், டீசல், பற்றரி முதலியவை அரசின் தடைப்பட்டியலில் இருந்தன. மண்ணெண்ணெய் கிடைத்தபோது அதன் விலை எட்டாத உயரத்தில் இருந்தது. அந்த இருளில் பிறந்தவையே இம்மண்ணின் மெய்யான கண்டுபிடிப்புகள். ஜாம் போத்தலின் அடியில் எண்ணெயில் தோய்ந்த பஞ்சும் மெல்லிய திரியும் வைத்து, போத்தலையே காற்றுமறைப்பாக்கிய சிக்கன விளக்கில் ஒரு தலைமுறை பரீட்சைக்குப் படித்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுழற்றி, டைனமோவில் பிறந்த மின்னால் வானொலி கேட்டனர். டைனமோ தருவது திசை மாறிமாறி ஓடும் ஆடலோட்டம். வானொலிக்கு வேண்டியது ஒரே திசையில் ஓடும் நேரோட்டம். ஆகவே இருவாயி எனப்படும், மின்னை ஒருபுறம் மட்டும் செல்லவிடும் சிறு உறுப்புகளை இடையில் இணைத்தனர். 6 வோல்ற்று, 3 வாற்றுக்காக ஆக்கப்பட்ட அந்த டைனமோ அதற்குமேல் எதையும் தரவில்லை. சுழற்றுபவர் கை ஓய்ந்தால் செய்தியும் ஓய்ந்தது. மோட்டார் சைக்கிளைச் சில துளி பெற்றோலால் முடுக்கிவிட்டு, சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓட்டினர். இவற்றுள் ஒன்றும் சக்திக் காப்பு விதியை மீறவில்லை. அவ்விதிக்குள் நின்று, கடைசித் துளிவரை கணக்குப் பார்த்துச் செய்தமையாலேயே அவை பெருமைக்குரியன.

மெய்யாகவே இழந்துபோன பண்டைய சக்தித் தொழினுட்பம் ஒன்றும் இத்தீவில் உண்டு. சமனலவெவ நீர்மின் திட்டத்துக்காக நிலப்பகுதி நீரில் மூழ்குமுன் அங்கே மேற்கொள்ளப்பட்ட தொல்லியல் ஆய்வில், மேற்குநோக்கிய மலைச்சரிவுகளில் வரிசையாக இரும்புருக்கும் உலைகள் இருப்பதை ஜில் ஜூலெஃப் கண்டார். துருத்தி இல்லாமல், தென்மேல் பருவக்காற்றின் வேகத்தாலேயே அவை எரிந்திருக்க வேண்டும் என்று அவர் கருதினார். அது இயலாது என்று ஐயுற்றோர் இருந்தனர். 1994 இல் அதே வடிவில் உலை கட்டி, அதே காற்றில் எரித்துப் பார்த்தபோது உயர்ந்த கரிச்செறிவுள்ள உருக்கு கிடைத்தது. கி.பி. 7 முதல் 11 ஆம் நூற்றாண்டு வரை வழங்கிய அம்முறையைப் பற்றிய கட்டுரை 1996 இல் ‘நேச்சர்’ ஆய்விதழில் வெளியாயிற்று. ‘முன்னோர் அறிந்திருந்தனர்’ என்ற கூற்று இங்கே வென்றது. சாம்பலும் கசடும் உலைச்சுவரும் சான்றாகக் கிடைத்ததால் வென்றது, உலையை மீளக் கட்டி அளந்து பார்த்ததால் வென்றது.

அந்தத் தென்மேல் காற்றுக்குக் குடாநாட்டில் சோளகம் என்று பெயர். சோளகத்தையும் வாடையையும் கொண்டலையும் கணித்துப் பாயிழுத்துக் கடல்கடந்த வல்வெட்டித்துறையாரின் கலை, அவர்கள் கட்டிய அன்னபூரணி என்னும் பாய்க்கப்பலை 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம்வரை கொண்டுசேர்த்தது. அத்தகைய கப்பலைக் கட்டும் மேஸ்திரிமார் மரபு இன்று இல்லை. எவரும் அதை மறைக்கவில்லை. இயந்திரப் படகு வந்தது, கற்க வருபவர் குறைந்தனர், வரைபடம் எழுதி வைக்கப்படவில்லை. அறிவு பெரும்பாலும் இவ்வாறே, கவனிப்பாரற்று மறைகிறது.

அதே காற்று இன்று பளைப் பகுதியில், 2014 இல் அமைந்த தலா 10 மெகாவாற்றுக் காற்றாலைத் தொகுதிகள் இரண்டைச் சுழற்றுகிறது. காற்றுக்கு விலையில்லை, கோபுரத்துக்கும் கம்பிக்கும் சேமிப்புக்கும் விலை உண்டு. அவ்விலையை யார் தருவது, யார் கட்டுவது என்பதில்தான் உண்மையான தடைகள் எழுகின்றன. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றுக்கான கதிரொளி, காற்று, சேமிப்புக்கலம் இணைந்த திட்டம் 2021 இல் ஒரு சீன நிறுவனத்துக்கு வழங்கப்பட்டு, இந்தியாவின் ஆட்சேபத்தின் பின் கைவிடப்பட்டு, 2022 மார்ச்சில் இந்திய நன்கொடையாக மாறி, 2024 மார்ச்சில்தான் ஒப்பந்தமாயிற்று. மொத்தம் 2,230 கிலோவாற்று. இரு வல்லரசுகளின் இழுபறிக்கிடையே தீவு மக்கள் டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பிக் காத்திருந்தனர். சுன்னாகத்தில் மின்நிலையக் கழிவெண்ணெய் கலந்து கிணறுகள் மாசடைந்த வழக்கிலோ, உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்தப் பணித்தது. சுண்ணாம்புக்கல் நிலத்தடி நீரைத் தவிர வேறு நீரில்லாத ஊரில், மின்சாரத்தின் விலை இவ்வாறும் வசூலிக்கப்பட்டது. ஒளித்து வைக்கப்பட்ட பொறியைப் பற்றிய பேச்சு, பெயர் சொல்லிக் கேள்வி கேட்கத்தக்க இவ்விடயங்களிலிருந்து மக்களின் கண்ணைத் திருப்புகிறது. அக்கூற்றால் விளையும் பெருந்தீங்கு அதுவே.

சமனலவெவ உலைகளைச் செய்தவர் எவரும் செய்முறையை எழுதி வைக்கவில்லை. அதனால் ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் கசட்டைக் கிளறி அதை மீட்க வேண்டியிருந்தது. ஜாம் போத்தல் விளக்கைச் செய்த தாய்மாரும், டைனமோவுக்கு இருவாயி பொருத்திய மாணவரும், மண்ணெண்ணெயில் இயந்திரம் ஓட்டிய திருத்துநரும் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். எவ்வளவு எண்ணெய், எவ்வளவு நேரம், எவ்வளவு வெளிச்சம், எந்த உறுப்பை எங்கே இணைத்தனர் என்பதை அவர்களிடம் கேட்டு, அக்கருவிகளை அவர்கள் கையாலேயே மீளச் செய்வித்து, அளந்து, வரைந்து பதிவுசெய்யும் பணியை யாழ்ப்பாணத்தின் பாடசாலைகளும் பல்கலைக்கழகமும் இப்போதே மேற்கொள்ள வேண்டும்.